தேரிமண் நாட்டில் சிறிய காருக்கு ஏர் இன்டேக் தேர்வு செய்வது எப்படி

காரின் பிக்கப் போதவில்லை என்று சொன்னால், பல ஒர்க்‌ஷாப்களில் முதலில் எடுத்துக் காட்டப்படும் பொருள் கூம்பு வடிவ ஏர் ஃபில்டரும் அதனுடன் வரும் அலுமினியக் குழாயுமாகவே இருக்கிறது. எஞ்சினுக்குக் காற்றை வடிகட்டிக் கொண்டுசேர்க்கும் இந்த அமைப்பைத்தான் ஏர் இன்டேக் என்கிறார்கள். பானட்டைத் திறந்தால் அழகாகத் தெரியும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கம்பீரமாக ஒலிக்கும் என்பதால் இளைஞர்கள் அதில் மயங்குவதும் இயல்பே. ஆனால் திசையன்விளை, இட்டமொழிப் பக்கத்துத் தேரிமண் என்னும் செம்மணல் காற்றில் பறக்கும் ஊர்களிலும், கல்குவாரி லாரிகளின் பின்னால் கார் ஓட்ட வேண்டிய சாலைகளிலும், ஆடி மாதக் காற்றில் பணகுடி, காவல்கிணறு வழியாகப் போகும்போதும், எந்த இன்டேக் அதிகக் குதிரைத் திறன் தரும் என்பது இரண்டாவது கேள்விதான். எஞ்சினுக்குள் மண்ணை விடாத இன்டேக் எது என்பதே முதலில் கேட்க வேண்டியது. இந்தக் கட்டுரை 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள கார்களை வைத்திருப்போருக்காக, அந்த எண்ணத்தோடு எழுதப்படுகிறது.

எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறது

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கன அளவில் சொன்னால், நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,500 லிட்டர் காற்று ஃபில்டர் வழியாகப் போகிறது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு ஒரு முறை போய்ச் சேர ஐந்து லிட்டர் செலவாகிறது என்று கொண்டால், அந்த ஒரே பயணத்தில் எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று 47,000 லிட்டரைத் தாண்டுகிறது. அவ்வளவு காற்றிலும் மிதந்து வரும் தூசியை ஒரு தாள் மடிப்பு தடுத்து நிறுத்த வேண்டும் என்பதை மனத்தில் கொண்டால், ஏர் ஃபில்டர் எத்தனை முக்கியமான பொருள் என்பது விளங்கும்.

காற்றோட்டத்தின் வேகத்தையும் கணக்கிடலாம். 1.2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது, நான்கு வீச்சு எஞ்சின் ஆதலால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் முழுக் கொள்ளளவையும் நிரப்பும். ஆகவே அதிகபட்சம் நிமிடத்துக்கு 3,600 லிட்டர், நடைமுறையில் சுமார் 3,000 லிட்டர் காற்றுதான் அதற்குத் தேவை. கம்பெனி பொருத்தித் தரும் ஏர்பாக்ஸ், அதாவது ஃபில்டர் இருக்கும் பெட்டி, இந்த அளவைக் கணக்கில் கொண்டே வடிவமைக்கப்பட்டது. பெரிய எஞ்சின்களுக்காகச் செய்த 76 மி.மீ. குழாயை வாங்கி, அதைவிட மிகச் சிறிய த்ராட்டில் (ஆக்ஸிலேட்டருக்கேற்பத் திறந்து காற்றை விடும் அடைப்பான்) வாயில், அளவைக் குறைக்கும் ரெடியூசர் வைத்து மாட்டுவதால் எஞ்சினுக்குள் போகும் காற்று கூடிவிடாது. குழாய் எத்தனை அகலமாக இருந்தாலும் காற்று அந்தச் சிறிய வாயின் வழியாகத்தான் போயாக வேண்டும்.

வாங்கும் முன் அளந்து பாருங்கள்

இப்போதிருக்கும் ஃபில்டர் உண்மையிலேயே காற்றைத் தடுக்கிறதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. டர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பெரும்பாலான சிறிய பெட்ரோல் கார்களில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள, காரின் கணினியோடு இணைக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சிறிய ஸ்கேனர் ஒன்றை வாங்கி, கைப்பேசியில் அதற்குரிய செயலியைத் திறந்தால், அந்த சென்சார் காட்டும் எண்ணைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்தால், சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும். பாளையங்கோட்டை போன்ற சமவெளி ஊரில் அது 100 கிலோபாஸ்கலுக்கு அருகில் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, போக்குவரத்து இல்லாத நேரத்தில் நேரான நான்குவழிச் சாலையில் இரண்டாம் கியரில் ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்து, எஞ்சின் மேல் சுற்றை எட்டும்போது சென்சார் என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாம் கியர் என்பதால் வேகம் வரம்புக்குள் நிற்கும். ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்க வேண்டும். எண்ணைப் படிப்பதற்கு அருகில் ஒருவர் கட்டாயம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதலில் 100 என்று காட்டியது முழு மிதியில் 97 என்று காட்டினால், ஃபில்டர், ஏர்பாக்ஸ், குழாய், த்ராட்டில் ஆகிய எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் தடை மூன்று விழுக்காடுதான் என்று பொருள். அத்தனையையும் கழற்றி எறிந்தாலும் கிடைக்கக்கூடிய ஆதாயம் அந்த மூன்று விழுக்காட்டைத் தாண்டாது. 80 குதிரைத் திறன் உள்ள காரில் அது இரண்டரைக்கும் குறைவு. ஃபில்டரை மட்டும் மாற்றினால் அதிலும் ஒரு பங்குதான் கிட்டும். இந்த அளவீட்டைச் செய்த பிறகு பலருக்கும் இன்டேக் வாங்கும் எண்ணமே விலகிவிடும். மாறாக எட்டு, பத்து கிலோபாஸ்கல் குறைந்தால் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். அப்போது முதலில் புதிய சாதாரணத் தாள் ஃபில்டர் ஒன்றைப் போட்டு மீண்டும் அளக்க வேண்டும். சில நூறு ரூபாயில் அந்தக் குறை தீர்ந்துவிடுவதற்கே வாய்ப்பு அதிகம்.

மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறும்போது கார் திணறுவதைக் கண்டு இன்டேக் மாற்ற நினைப்பவர்களும் உண்டு. ஆயிரம் மீட்டர் உயரத்தை எட்டும்போது காற்றழுத்தமே பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிடுகிறது. இது மலையின் இயல்பு. டர்போ இல்லாத எஞ்சினில் எந்த ஃபில்டரும் இதை ஈடுகட்டாது.

மைலேஜ் கூடும் என்ற வாக்குறுதியையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பெட்ரோல் எஞ்சினில் காற்றின் அளவை த்ராட்டில் கட்டுப்படுத்துகிறது. அதற்கேற்பப் பெட்ரோலை அளந்து விடுவது எஞ்சினின் கணினி. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, அடைத்துப்போன ஃபில்டர்கூட நவீன கார்களின் மைலேஜைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை என்றும், குறைந்தது முடுக்கம்தான் என்றும் காட்டியது. அடைப்பினாலேயே மைலேஜ் குறையாதபோது, நல்ல நிலையில் உள்ள ஃபில்டரை விலையுயர்ந்த ஒன்றாக மாற்றினால் மைலேஜ் கூடும் என்று எதிர்பார்ப்பதற்கு அடிப்படை இல்லை.

மண்

தேரிமண்ணின் செந்நிறம் இரும்பு ஆக்ஸைடால் வருவது. மண்ணின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் கடினமான சிலிக்காத் துகள். கல்குவாரித் தூசியிலும் அதே குவார்ட்ஸ் உண்டு. கண்ணுக்குத் தெரியும் மணல் எந்த ஃபில்டரிலும் நின்றுவிடும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். எஞ்சினைத் தின்பது ஐந்து முதல் இருபது மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள, விரலில் தேய்த்தால் மாவு போலிருக்கும் நுண்தூசி. அது பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே புகுந்து உராய்ந்து, எண்ணெயிலும் கலந்து, பேரிங் வரை போகிறது. ஆயில் குறையத் தொடங்குவதும் சைலன்ஸரில் நீலப்புகை வருவதும் பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்துத்தான் தெரியும் என்பதால், காரணம் ஃபில்டர் என்று எவரும் நினைப்பதில்லை.

ஏர் ஃபில்டரின் தூசி தடுக்கும் திறனை அளப்பதற்கு ஐஎஸ்ஓ 5011 என்ற சோதனை முறை இருக்கிறது. வாங்கப்போகும் ஃபில்டருக்கு அந்தச் சோதனையின் முடிவு கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கொடுக்கப்பட்டிருந்தால் எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். 99 விழுக்காடு தடுக்கும் ஃபில்டருக்கும் 97 விழுக்காடு தடுக்கும் ஃபில்டருக்கும் இரண்டு விழுக்காடுதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் எஞ்சினுக்குப் பொருட்டானது தடுக்கப்பட்ட தூசி அன்று, தப்பிப் போன தூசி. முன்னதில் நூற்றுக்கு ஒரு பங்கு போகிறது. பின்னதில் மூன்று பங்கு போகிறது. அதாவது மூன்று மடங்கு மண். காற்றோட்டத்தை மட்டும் பெரிதாகச் சொல்லி, தூசித் தடுப்பைப் பற்றி ஒரு வரியும் எழுதாத அட்டைப்பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வருவது நல்லது.

பொருளைப் பொறுத்தவரை சந்தையில் நான்கு வகை கிடைக்கிறது. கம்பெனி தரும் தாள் ஃபில்டர் நுண்தூசியை நன்றாகத் தடுக்கும். நனைந்தால் ஊதிக் காற்றை அடைக்கும். எண்ணெய் தடவிய பருத்தி வலை, கே அண்ட் என், பிஎம்சி போன்றவர்களால் பரவலானது. காற்றைத் தாராளமாக விடும், கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் வடிகட்டும் திறன் எண்ணெய்ப் பூச்சையே நம்பியிருக்கிறது. எண்ணெய் குறைந்தால் தூசி கடந்து போகும். மிகையானால் எண்ணெய்த் துளிகள், உள்ளே போகும் காற்றின் அளவை அளக்கும் மாஃப் சென்சாரில் படிந்து அளவீட்டைக் கெடுக்கும். 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின் உள்ள கார்களில் அந்த சென்சார் இருப்பதால், அவற்றை வைத்திருப்போர் இதில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எண்ணெய் தேவைப்படாத உலர் செயற்கை இழை ஃபில்டர், நம் சீமைக்கு மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. நுரைப்பஞ்சு ஃபில்டர்கள் சிறிய கார்களுக்கு அரிதாகவே கிடைக்கின்றன.

இங்கே ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு முறை கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போதும் தாள் ஃபில்டரைக் கழற்றி, கம்ப்ரஸர் காற்றை நெருக்கமாகப் பிடித்து அடித்து, 'சுத்தம் செய்தாகிவிட்டது' என்று திரும்ப வைத்துவிடுகிறார்கள். தாள் ஃபில்டரில் ஓரளவு தூசி படிந்த பிறகு அதன் தடுக்கும் திறன் உண்மையில் கூடுகிறது. அடிக்கடி ஊதினால் அந்தப் படிவு போய்விடும், அதோடு தாளின் இழைகள் விலகி ஊசித்துளைகளும் விழும். ஊதித்தான் ஆக வேண்டுமென்றால் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, குறைந்த அழுத்தத்தில், தள்ளி நின்று ஊத வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து ஒரு துளை தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். பருத்தி வலை ஃபில்டரில் கம்ப்ரஸர் காற்றை அடிக்கவே கூடாது. அதற்குரிய திரவத்தில் கழுவி, நிழலில் முழுவதும் உலர்த்தி, பிறகு அளவாக எண்ணெய் இட வேண்டும். பிசானப் பருவ நெல் அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல் காயப்போடும் கிராமங்களின் வழியாக நாள்தோறும் போய்வருபவர்கள், ஏர்பாக்ஸின் அடியில் சேரும் தூசும்பையும் சேர்த்துத் துடைத்தெடுப்பது நல்லது.

எந்த அமைப்பு

கம்பெனி ஏர்பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் தட்டை ஃபில்டரை மட்டும் மாற்றுவது முதல் வழி. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களுக்கு இதுவே போதும், இதுவே சரி என்று தயக்கமின்றிச் சொல்வேன். மூடிய பெட்டி, முகப்பின் மேற்பகுதியிலிருந்து வெளிக்காற்றை எடுக்கும் மூக்கு, தண்ணீர் வடியும் துளை, சத்தத்தை அடக்கும் அறை ஆகிய எல்லாமே அதில் ஏற்கெனவே இருக்கின்றன. புதிய ஃபில்டரின் ரப்பர் விளிம்பு பெட்டியின் பள்ளத்தில் சுற்றிலும் ஒரே சீராக உட்காருகிறதா என்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். விளிம்பு ஒரு மூலையில் தூக்கி நின்றால், எத்தனை உயர்ந்த ஃபில்டரும் பயனற்றது. காற்று அந்த இடுக்கு வழியாகவே மண்ணோடு போகும்.

பெட்டியை நீக்கிவிட்டு எஞ்சின் அருகிலேயே கூம்பு ஃபில்டரை மாட்டும் முறை மலிவானது, பார்வையானது, நம் தட்பவெப்பத்துக்குச் சற்றும் பொருந்தாதது. பங்குனி, சித்திரையில் வெளியே 38 டிகிரி இருக்கும்போது, திருநெல்வேலி வண்ணார்பேட்டை நெரிசலில் நின்று நகரும் காரின் பானட்டுக்குள் காற்று 60 டிகிரியைத் தாண்டுவது எளிது. வெப்பமான காற்று அடர்த்தி குறைந்தது. 40 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் 60 டிகிரிக் காற்றில் ஆறு விழுக்காடு ஆக்ஸிஜன் குறைவு. அதோடு நாக்கிங் (பெட்ரோல் கலவை தாறுமாறாக எரிந்து தட்டுவது) வராமலிருக்கக் கணினி இக்னிஷன் நேரத்தையும் பின்னுக்குத் தள்ளும். ஃபில்டரால் இரண்டு விழுக்காடு கிடைத்து, வெப்பத்தால் ஆறு விழுக்காடு போனால், காசு கொடுத்துப் பிக்கப்பைக் குறைத்துக்கொண்டதாகிறது. சத்தம் கூடியிருப்பதால் வேகம் கூடியதுபோன்ற உணர்வு மட்டும் இருக்கும். அதே ஸ்கேனரில் இன்டேக் காற்றின் வெப்பநிலையையும் பார்க்கலாம். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அதே சாலையில் அதே நேரத்தில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கூம்பு ஃபில்டரைச் சூழ ஒரு மூடிய உறை அமைத்து, முன் கிரில்லிலிருந்து குழாய் வழியாகக் குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் அமைப்பு, டர்போ பெட்ரோல் காரை விரும்பி ஓட்டுபவர்களுக்கு ஓரளவு பொருள் தரும். டர்போவுக்கு முன்னால் உள்ள சிறு தடைகூட அதன் உள்ளே காற்றை அமுக்கும் கம்ப்ரஸரை அதிகமாக உழைக்க வைக்கிறது என்பதால், அங்கே ஆதாயம் சற்றுக் கூடுதல். ஆனால் மிக வேகமாகச் சுழலும் அந்தக் கம்ப்ரஸர் இதழ்களின் விளிம்பை மண் அரித்துவிடும். எனவே டர்போ காரில் தூசித் தடுப்பு இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். மிக்ஸர் வகை எல்பிஜி கிட் பொருத்திய பழைய கார்களில் பேக்ஃபயர் (தீ இன்டேக் பக்கமாகத் திரும்பிப் பாய்வது) நேர்ந்தால் ஏர்பாக்ஸ் வெடிக்கக்கூடும் என்பதால், அவற்றில் இன்டேக்கைத் தொடுவதற்கு முன் கிட்டைச் சரிபார்ப்பதே முறை.

தண்ணீர்

ஃபில்டரைப் பம்பருக்குக் கீழே, சக்கரத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும் தாழ்வான கோல்ட் ஏர் இன்டேக்குகளை நம் பகுதியில் வாங்கவே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி நெல்லைச் சந்திப்பு வரை வந்தது. அத்தகைய வெள்ளம் இல்லாவிட்டாலும், ஐப்பசி மழையில் ரயில்வே சுரங்கப்பாதைகளில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பது ஆண்டுதோறும் நடப்பதே.

1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 300 சி.சி. அமுக்க விகிதம் 11 என்றால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடம் 30 சி.சி. மட்டுமே. அதற்கு மேல் தண்ணீர் புகுந்துவிட்டால், தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் எஞ்சினையே பிரிக்க வைத்துவிடும். வழக்கமான இன்ஷூரன்ஸ் பாலிசியில் இந்தச் சேதத்துக்கு இழப்பீடு பொதுவாகக் கிடைக்காது; எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவைத் தனியே எடுத்திருக்க வேண்டும். ஆகவே எந்த அமைப்பை வாங்கினாலும், அது காற்றை எடுக்கும் வாய் தரையிலிருந்து எத்தனை உயரத்தில் இருக்கிறது என்று டேப்பால் அளந்து, கம்பெனி வைத்த உயரத்துக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் மேலே யோசியுங்கள். குற்றாலத்துச் சாரலில் மணிக்கணக்கில் ஓடும் காருக்குத் திறந்த கூம்பு ஃபில்டர் நனைவது தனித் தொல்லை.

பொருத்தும்போது

காரின் மாடலும் ஆண்டும் குறிப்பிட்டுச் செய்த கிட்டையே வாங்க வேண்டும். கம்பெனிக் குழாயில் எஞ்சினின் ஆவியைத் திருப்பி எடுக்கும் பிரீத்தர் ஹோஸ் ஒன்றும், பல கார்களில் காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சாரும் செருகப்பட்டிருக்கும். புதிய குழாயில் அவற்றுக்கான துளைகள் அதே அளவில் இல்லையென்றால், சென்சாரை ஓரமாகக் கட்டித் தொங்கவிடும் வேலைதான் நடக்கும். அதன் பிறகு எஞ்சின் விளக்கு எரிவதைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. எஞ்சின் தன் மவுண்ட்டுகளின் மேல் அசைந்துகொண்டே இருப்பதால், உலோகக் குழாயின் நடுவே வளைந்துகொடுக்கும் ரப்பர் அல்லது சிலிக்கான் இணைப்பு அவசியம். கிளாம்ப்புகளை ஒரு வாரம் ஓட்டிய பிறகு மீண்டும் ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும்.

நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடிய பின், ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் இடைப்பட்ட குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் தூசி ஒட்டினால், விளிம்போ கிளாம்ப்போ ஃபில்டரோ காற்றை வடிகட்டாமல் விடுகிறது என்று பொருள். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை அந்த அமைப்போடு ஓட்டக் கூடாது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதே அளவுள்ள ஃபில்டரை மாற்றுவது பராமரிப்பு. அதில் சிக்கல் இல்லை. ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களுக்கு வரம்பு விதிக்கிறது. 2019 திருத்தம் அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழிசெய்கிறது. இன்டேக் முழுவதையும் மாற்ற எண்ணுபவர்கள் முன்கூட்டியே ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. வாரண்டி முடியாத காரென்றால், எஞ்சின் தொடர்பான உரிமைகோரலை கம்பெனி மறுக்க இந்த மாற்றமே காரணமாகலாம். எனவே கழற்றிய ஏர்பாக்ஸ், மூக்குக் குழாய், கிளிப்புகள் எதையும் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடாமல், ஒரு சாக்குப் பையில் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்து வைத்திருங்கள்.